டீசல் அடித்த எஞ்சின் கழுவிய எஞ்சின் அல்ல

தலவாக்கலையில் பைக் ஓட்டுகிற யாரிடமாவது, எஞ்சினில் ஏறிய அழுக்கை எப்படிப் போக்குவது என்று கேட்டுப் பாருங்கள். பதில் தயாராக இருக்கும். சேர்விஸ் ஸ்டேசனுக்குக் கொண்டு போங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போதே டீசலோ மண்ணெண்ணெயோ அடிக்கச் சொல்லுங்கள். பிரஷர் தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள். கடைசியில் ஒயில் கலந்த டீசலை மேலாக ஒரு தடவை ஸ்பிரே பண்ணுங்கள். எஞ்சின் கறுகறுவென்று புதுசு போல மின்னும். லிந்துலையில் கேட்டாலும் அக்கரப்பத்தனையில் கேட்டாலும் இதே பதில்தான். தோட்டத்து வாலிபர், பள்ளிக்கூட ஆசிரியர், மரக்கறி வியாபாரி என்று யாருக்கும் இதில் கருத்து வேறுபாடு இருப்பதாகத் தெரியவில்லை.

எனக்கு இருக்கிறது. இந்த முறை எஞ்சினைச் சுத்தம் செய்வதே இல்லை என்கிறேன். அழுக்கின் ஒரு பகுதியைக் கரைத்து, இன்னொரு பகுதியைப் போகக்கூடாத இடத்துக்குத் தள்ளி, மிச்சத்தின் மேல் எண்ணெய் பூசி மறைக்கிறது. அடுத்த மாத அழுக்குக்கு இன்றைக்கே அடித்தளம் போட்டுக் கொடுக்கிறது. மலைநாட்டு ரோட்டில் இறங்குகிறவனுடைய பிரேக்கோடு விளையாடுகிறது. ஸ்பிரே கன் பிடிக்கிற பையனின் உடம்பையும், ஊர் நடுவே ஓடுகிற கொத்மலை ஓயாவையும் கணக்கிலேயே எடுப்பதில்லை. இத்தனைக்கும் நாம் காசு கொடுத்துவிட்டு, ‘சேர்விஸ் போட்டாச்சு’ என்று திருப்தியாக வீட்டுக்குப் போகிறோம்.

அழுக்கு எதனால் ஆனது என்று தெரிந்தால்தான் அதை எதனால் எடுப்பது என்று பேச முடியும். பைக்கின் இடப்பக்கம், கியர் மிதிக்கு மேலே, முன் ஸ்ப்ராக்கெட்டை மூடியிருக்கிற கவரைக் கழற்றிப் பாருங்கள். இரண்டு மூன்று போல்ட்தான். உள்ளே கறுப்புக் களி ஒன்று அப்பியிருக்கும். விரல் வைத்தால் மேலே மெத்தென்று அமுங்கும். நகத்தால் சுரண்டினால் அடியில் கல் மாதிரி இறுகியிருக்கும். அதைப் பிய்த்து விரல் நுனியில் தேய்த்துப் பார்த்தால் நறநறவென்று மணல் உறுத்தும். செயினில் போட்ட எண்ணெய் சுழற்சியில் தெறித்து அங்கே ஒட்டுகிறது. தோட்டத்து ரோட்டின் செம்மண், மழையில் குழைந்து அதன்மேல் ஏறுகிறது. வெயில் நாளில் தூசி படிகிறது. ஸ்ப்ராக்கெட்டும் செயினும் தேய்ந்து உதிர்த்த இரும்புத் தூளும் சேர்கிறது. எஞ்சின் சூடு இதையெல்லாம் நாள்தோறும் வாட்டி இறுக்குகிறது. அடுக்கடுக்காக மண், எண்ணெய், மண், எண்ணெய். சிலிண்டரைச் சுற்றியிருக்கிற தகட்டு விசிறிகளுக்கு இடையிலும், எஞ்சினின் அடி வயிற்றில் ஒயில் வடிக்கிற போல்ட்டைச் சுற்றியும் இருப்பது இதே களிதான், அளவு மட்டும் குறைவு.

இதில் ஒட்டுகிற வேலையைச் செய்வது எண்ணெய். மண் தனியாக வந்தால் காய்ந்து உதிர்ந்துவிடும், இல்லாவிட்டால் மழையே கழுவிக்கொண்டு போகும். எண்ணெய்ப் படலம் இருக்கிற இடத்தில்தான் அது குடியேறுகிறது. அப்படியானால் கழுவி முடித்த எஞ்சினின் மேல் டீசலையும் பழைய ஒயிலையும் நாமே பூசுவதற்கு என்ன நியாயம்? பெற்றோல் அடித்தால் அது ஆவியாகிப் போய்விடும், டீசல் அப்படிப் போகாது. அது நாட்கணக்கில் படலமாகக் கிடக்கும். அந்த மினுமினுப்பே அந்தப் படலம்தான். சேர்விஸ் ஸ்டேசனில் இருந்து வெளியே வந்து, ஹோலிரூட் பக்கமோ கிரேட்வெஸ்டன் பக்கமோ ஒரு தோட்டத்து ரோட்டில் ஏறி இறங்கினால் போதும், தூசி முழுவதையும் அது இழுத்து வைத்துக்கொள்ளும். பிறகு, ‘நம்ம ரோட்டுக்கு எவ்வளவு கழுவினாலும் நிற்காது’ என்று ரோட்டைத் திட்டுகிறோம். ரோட்டின் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் இந்தக் குற்றத்தில் பாதி நாம் பூசிய டீசலுடையது.

இனி அவர்கள் சொல்லுகிற நியாயங்களுக்கு வருகிறேன்.

எண்ணெய்க் கறை எண்ணெய்க்குத்தான் இளகும், தண்ணீருக்கு மசியாது என்பார்கள். உண்மை. மண்ணெண்ணெய் கிரீஸைக் கரைக்கும், அதை மறுக்க மாட்டேன். ஸ்ப்ராக்கெட் கவருக்குள் இருக்கிற களிக்கு மண்ணெண்ணெய் நல்ல மருந்து. செயினைத் துடைக்கவும் அது போதும். செயின் தயாரிக்கிற கம்பெனிகளே அதை ஏற்றுக்கொள்கின்றன. ஒரு தகர மூடியில் கொஞ்சம் ஊற்றி, பிரஷ்ஷில் தொட்டு, களி இருக்கிற இடத்தில் மட்டும் தடவி, இளகியதைத் துணியால் வழித்தெடுத்தால் வேலை முடிந்தது. ஸ்பிரே கன்னில் நிரப்பி எஞ்சின் முழுக்கப் புகைமூட்டமாக அடிப்பது வேறு காரியம். அப்படி அடிக்கும்போது களி இருக்கிற இடத்தில் விழுவது கொஞ்சம். மிச்சம் வயரில், பிளக் மூடியில், காபரேட்டரை எஞ்சினோடு இணைக்கிற ரப்பரில், பிரேக் ஹோஸில் விழுகிறது. வயரின் மேலுறை பிவிசி. அதை வளையக்கூடியதாக வைத்திருக்கிற சேர்மானத்தை டீசலும் பெற்றோலும் மெல்ல மெல்ல உறிஞ்சி எடுக்கும். இரண்டு வருடம் கழித்து வயர் சுள்ளி மாதிரி விறைத்து, வளைவில் வெடித்து நிற்கும். அப்போது நாம் வயரிங் பாஸிடம் போய், ‘இந்தக் கம்பெனி வயரே சரியில்லை’ என்று சொல்லுவோம். பிரேக் எண்ணெய்க்கென்று செய்த ரப்பர்களில் பெரும்பாலானவை பெற்றோலிய எண்ணெய் பட்டால் ஊதிப் பெருக்கும். எந்த ரப்பர் எதற்கென்று பார்த்து ஸ்பிரே கன் அடிக்காது.

பிரஷரில் அடித்தால்தான் இடுக்குக்குள் இருக்கிற அழுக்கு வெளியே வரும் என்பது இரண்டாவது நியாயம். இதைத்தான் நான் மிகக் கடுமையாக மறுக்கிறேன். இடுக்குக்குள் போகிற தண்ணீர், இடுக்கு எங்கே முடிகிறது என்று பார்த்து நிற்பதில்லை. எஞ்சினில் அச்சுகள் வெளியே வருகிற ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. கியர் மிதியின் தண்டு வருகிற இடம், முன் ஸ்ப்ராக்கெட் உட்கார்ந்திருக்கிற தண்டு வருகிற இடம். அந்தச் சீலின் உதடு முக்கியமாக உள்ளே இருக்கிற ஒயிலை வெளியே விடாமல் பிடிப்பதற்காக அமைக்கப்பட்டது. மழையைத் தாங்கும், ரோட்டுத் தண்ணீரைத் தாங்கும். ஒரு சாண் தூரத்தில் இருந்து நேராகப் பாய்கிற பிரஷர் தண்ணீரைத் தாங்குவதற்கு அதைச் செய்யவில்லை. உதடு ஒரு கணம் விலகினாலும் தண்ணீரும் அதோடு மணலும் உள்ளே நுழையும். சக்கர பேரிங், ஸ்டேரிங் பேரிங், பின் ஸ்விங் ஆர்ம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். உள்ளே இருக்கிற கிரீஸ் கழுவிப் போய்த் துரு பிடிக்கும். கழுவின அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து சக்கரம் உறுமும்போது, யாரும் அதைக் கழுவின நாளோடு சேர்த்து நினைப்பதில்லை.

பிளக் குழியை இதற்குச் சாட்சியாக அழைக்கிறேன். சிலிண்டர் தலையில் பிளக் உட்கார்ந்திருக்கிற இடம் ஒரு சின்னக் கிணறு போல உள்வாங்கியிருக்கும். தண்ணீர் தேங்காமல் வடிவதற்காகப் பல எஞ்சின்களில் அங்கே ஒரு சின்னத் துளை விட்டிருப்பார்கள். நம்மூர்ப் பைக்குகளில் அந்தத் துளை செம்மண்ணால் அடைபட்டிருக்கும். பிரஷர் அடித்த தண்ணீர் குழியில் நிறைந்து நிற்கும். எஞ்சினைக் கிளப்பினால் இருமும், திணறும், ஏற்றத்தில் வலு குறையும். பல்சர் மாதிரி இரண்டு பிளக் இருக்கிற எஞ்சினில் ஒரு பிளக் வேலை செய்யாவிட்டாலும் வண்டி ஓடும், அதனால் நோய் வெளியே தெரியவே தெரியாது. பெற்றோல் மட்டும் கூடுதலாகக் குடிக்கும். தண்ணீர் அங்கேயே தேங்கினால் பிளக்கின் இரும்பு துருப்பிடித்து அலுமினியத் தலையோடு இறுகிப்போகும். அப்புறம் அதைக் கழற்றும்போது மரையும் சேர்ந்து பிய்ந்து வருவதைக் கராஜில் நின்று பார்த்தவர்களுக்கு, அதற்கு ஆகிற செலவு தெரியும். ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும், அந்தத் துளையைக் குத்தி விட ஒரு மெல்லிய கம்பியும் இருந்தால் இதில் எதுவும் நடக்காது.

ஹொண்டா, யமஹா போன்ற கம்பெனிகள் வண்டியோடு கொடுக்கிற கையேட்டில் உயர் அழுத்தத் தண்ணீரைத் தவிருங்கள் என்றும், எஞ்சின் ஆறிய பிறகு கழுவுங்கள் என்றும் எழுதியிருக்கின்றன. வண்டியைச் செய்தவனை விட அதைக் கழுவுகிறவனுக்குக் கூடுதலாகத் தெரியும் என்று நாம் எப்படி நம்பத் தொடங்கினோம்?

சூடாக இருக்கும்போது கழுவுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சூட்டில் எண்ணெய் இளகும் என்பது சரிதான், இளஞ்சூடு உதவியும் செய்யும். எஞ்சின் கொதிக்கும்போது குளிர்ந்த தண்ணீர் பட்டால் சிலிண்டர் வெடித்துவிடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது மிகைப்பேச்சு. மழையில் ஓடுகிற எஞ்சின் எதுவும் வெடிப்பதில்லை. மெய்யான ஆபத்து வேறு. சூடான எஞ்சினுக்குள்ளும், சூடான சக்கரக் குடத்துக்குள்ளும் இருக்கிற காற்று விரிந்திருக்கும். மேலே சில்லென்ற தண்ணீரை அடித்தவுடன் அது சட்டென்று சுருங்கும். சுருங்கும்போது வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். மூச்சுக்குழாய் வழியாக, சீலின் ஓரம் வழியாக, தண்ணீரையும் சேற்றையும் வண்டியே உறிஞ்சிக்கொள்ளும். 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிற ஊர் இது. நம்முடைய குழாய்த் தண்ணீரின் குளிர் எல்லோருக்கும் தெரியும்.

தீயையும் சொல்ல வேண்டும். நானுஓயா ஏற்றம் ஏறி இறங்கி வந்த பைக்கின் புகைக்குழாய் 200 பாகைக்கு மேல் கொதித்துக் கொண்டிருக்கும். மண்ணெண்ணெயின் ஆவி 38 பாகை அளவிலேயே பற்றத் தயாராகிவிடும், ஒரு பொறி கிடைத்தால் போதும். ஏறக்குறைய 210 பாகையில் பொறியே இல்லாமல் தானாகப் பற்றக்கூடியது. பெற்றோலின் ஆவி பனிக்கட்டிக் குளிரிலும் பற்றும். திறந்த வெளியில் காற்று அடிப்பதால் பெரும்பாலும் பற்றாமல் போகிறது. அந்த அதிர்ஷ்டத்தையே ஒரு முறையாக எடுத்துக்கொண்டு, நாம் கொதிக்கிற குழாயின் மேல் எரிபொருளைப் புகையாக அடிக்கிறோம்.

இதற்கு மேலே ஒரு விஷயம் இருக்கிறது, அதை நினைத்தால் எனக்குப் பதற்றமாகவே இருக்கும். ஸ்பிரே அடிக்கிற டீசல், எஞ்சினோடு நிற்பதில்லை. பின் சக்கரத்தின் ட்ரம்முக்குள் கசியும். முன் சக்கரத்தின் டிஸ்க்கில் படியும். எண்ணெய் குடித்த பிரேக் பேட் பிறகு சரியாகப் பிடிப்பதே இல்லை. துடைத்தாலும் அதன் பிடி முழுதாகத் திரும்பாது, மாற்றத்தான் வேண்டும். சமதரையில் ஓட்டுகிறவனுக்கு அது ஒரு தொல்லை. நுவரெலியாவில் இருந்து றம்பொடை வழியாக இறங்குகிறவனுக்கு, தலவாக்கலையில் இருந்து பூண்டுலோயா பக்கம் வளைவு வளைவாக இறங்குகிறவனுக்கு, பின்னால் மனைவியும் நடுவில் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறவனுக்கு, அது தொல்லை என்ற சொல்லுக்குள் அடங்காது. மூடுபனியில் எதிரே பஸ் வரும்போது பிடிக்க வேண்டிய பிரேக் அது. மினுமினுப்புக்காக அதில் எண்ணெய் தெளிக்கலாமா?

எஞ்சினைக் கழுவாமலே விட்டால் என்ன, ஓடத்தானே செய்கிறது என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். சேறு எஞ்சினைக் காக்கும் என்றுகூடச் சொல்லுவார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நம் பைக்குகளில் பெரும்பாலானவை காற்றால் குளிர்கிற எஞ்சின் கொண்டவை. சிலிண்டரைச் சுற்றியிருக்கிற அந்த மெல்லிய தகட்டு விசிறிகளின் ஊடாகக் காற்று ஓடினால்தான் சூடு வெளியேறும். விசிறிகளுக்கு இடையில் மண்ணும் எண்ணெயும் அடைத்துக்கொண்டால் காற்றுக்கு வழியில்லை. அலுமினியம் சூட்டைக் கடத்துகிற அளவில் நூற்றில் ஒரு பங்குகூட காய்ந்த களிமண் கடத்தாது. கொழும்பில் சமதரையில் நாலாவது கியரில் ஓடுகிற வண்டிக்குக் காற்று வேகமாக அடிக்கும், எஞ்சினும் இலேசாக உழைக்கும். நம்முடைய நிலைமை தலைகீழ். தலவாக்கலையில் இருந்து நுவரெலியாவுக்கு 600 மீற்றருக்கு மேல் ஏற வேண்டும். இரண்டாவது கியர், முழு முறுக்கு, மெதுவான வேகம், பின்னால் லீக்ஸ் மூட்டையோ இன்னொரு ஆளோ. எஞ்சின் அதிகமாக உழைக்கிற நேரத்தில் அதற்குக் காற்று குறைவாகக் கிடைக்கிறது. மலைநாட்டு எஞ்சினின் விசிறிகள் சுத்தமாக இருக்க வேண்டியது அதனால்தான். நான் கழுவ வேண்டாம் என்று சொல்லவில்லை. கொழும்புக்காரனைவிட நாம்தான் அடிக்கடி கழுவ வேண்டும் என்கிறேன்.

விற்கும்போது எஞ்சின் மின்னினால்தான் விலை வரும் என்பது இன்னொரு பேச்சு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் முழுதாகத் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய பைக்கின் விலை எங்கேயோ போய்விட்டது. மாதக்கணக்கில் சீட்டுப் பிடித்து, நகையை அடகு வைத்து ஒரு பழைய பைக் வாங்குகிற தோட்டத்துப் பிள்ளை எதைப் பார்த்து வாங்குகிறான்? எஞ்சினின் மினுமினுப்பைப் பார்த்துத்தான். அந்த மினுமினுப்பு அவனை ஏமாற்றுகிறது. எண்ணெய் பூசிய எஞ்சினில் எண்ணெய் எங்கே கசிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. டப்பெட் கவர் ஓரத்தில் வியர்க்கிறதா, சிலிண்டர் அடியில் இருக்கிற கேஸ்கட் விட்டுவிட்டதா, கியர்த் தண்டின் சீல் போய்விட்டதா, எல்லாமே ஒரே கறுப்புப் பளபளப்புக்குள் மறைந்துவிடும். நல்லபடியாகச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்த எஞ்சின் மங்கலான சாம்பல் நிறத்தில் இருக்கும், அழகாக இருக்காது. ஆனால் அதை ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால், கசிவு இருக்கிற இடத்தில் மட்டும் ஈரமாக ஒரு கோடு விழுந்திருக்கும். எந்த போல்ட், எந்த விளிம்பு என்று விரல் வைத்துக் காட்டலாம். எஞ்சினைக் கழுவுவதன் பெரிய பயனே இதுதான் என்று நான் நினைக்கிறேன். அழுக்கு போவதைவிட, அழுக்கு மறைத்து வைத்திருந்த நோய் வெளியே தெரிவது. டீசல் ஸ்பிரே அந்தப் பயனை முழுதாக அழித்துவிடுகிறது. பழைய பைக் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஈரமாக மின்னுகிற எஞ்சினைக் கண்டால் முதலில் சந்தேகப்படுங்கள்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்த விளக்கம் ஒன்று உண்டு. மண்ணெண்ணெய் மலிவாக, எந்த லயத்திலும் ஒரு போத்தலாவது இருந்த காலத்தின் பழக்கம் இது. விளக்குக்கு, அடுப்புக்கு, கை கழுவ, இரும்பு கழுவ எல்லாவற்றுக்கும் அதுதான். 2022 ஓகஸ்டில் ஒரே நாளில் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. அதே வருடம்தான் கியூஆர் அட்டையைக் காட்டி பைக்குக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் வாங்கினோம். எரிபொருளின் அருமையை இந்த நாட்டில் யாருக்கும் இனிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அத்தனை வரிசையில் நின்ற பிறகும் டீசலைப் பீச்சியடித்துக் கானுக்குள் விடுகிற பழக்கம் மட்டும் மாறவில்லை.

கான் எங்கே போகிறது? தலவாக்கலையில் எந்தக் கானும் கடைசியில் கொத்மலை ஓயாவுக்குத்தான் போகிறது. ஹோட்டன் சமவெளிப் பக்கம் ஊறி, தேயிலை மலைகளுக்கு நடுவே இறங்கி வருகிற ஆறு. நம்முடைய நகரத்தின் ஓரத்திலேயே அணைகட்டித் தேக்கி, சுமார் 13 கிலோமீற்றர் சுரங்கம் வழியாகக் கொண்டுபோய் 150 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள். மேல் கொத்மலைத் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து கொத்மலை நீர்த்தேக்கம், பிறகு மகாவலி. திருகோணமலைப் பக்கம் வயல் செய்கிறவனுக்கும் இந்தத் தண்ணீர் போகிறது. இந்தத் திட்டம் வந்தபோது சென்கிளயார் அருவி வற்றிவிடும் என்று எதிர்த்துக் குரல் எழும்பிய மண் இது. அருவிக்காகப் பேசியவர்கள் நாம். அதே ஆற்றுக்குள் தினமும் எவ்வளவு டீசலும் பழைய ஒயிலும் வழிகிறது என்று ஏன் பேசவில்லை? ஓடுகிற ஆற்றில் எண்ணெய் அடித்துக்கொண்டு போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. தேங்கி நிற்கிற நீர்த்தேக்கத்தில் அது படலமாக மிதக்கும், கரையில் ஒதுங்கும், சேற்றில் இறங்கும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் உள்நாட்டு நீர்நிலைகளை மாசுபடுத்தக் கூடாது என்று சொல்லுகிறது. சட்டம் இருக்கிறது, கானில் எண்ணெயும் ஓடுகிறது.

தோட்டத்தில் பீலிக்கரையில் வண்டி கழுவுகிறவர்களும் இதில் தப்ப முடியாது. மேல் லயத்துப் பீலியில் பெற்றோல் ஊற்றி எஞ்சின் கழுவினால், அந்தத் தண்ணீர் கீழ் லயத்து மரக்கறிப் பாத்தி வழியாகத்தான் இறங்கும். கீழே குளிக்கிற பிள்ளைகளும் நம் பிள்ளைகள்தான்.

ஸ்பிரே கன் பிடிக்கிற பையனைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. ‘டீசல் அடிக்கவா அண்ணே?’ என்று கேட்பான். ‘நல்லா அடி தம்பி’ என்போம். கையுறை கிடையாது, முகத்தில் துணியும் கிடையாது. காலையில் இருந்து மாலை வரை அந்தப் புகைமூட்டத்துக்குள் நிற்கிறான். டீசலுக்குப் பதில் பெற்றோல் அடித்தால், அதில் பென்சீன் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று உறுதியாக வகைப்படுத்தியிருக்கிறது. எஞ்சினில் ஓடிக் கறுத்த பழைய ஒயில் தோலில் தொடர்ந்து பட்டால் தோல் புற்றுநோய் வரக்கூடும் என்பது எலிகளில் நிரூபிக்கப்பட்டது. புது ஒயில் டப்பாக்களிலேயே அந்த எச்சரிக்கையை அச்சடிக்கிறார்கள். தோட்டத்தில் பேர் போடப் பிடிக்காமல் நகரத்துக்கு வேலைக்கு வந்த பிள்ளை அவன். மருந்து அடிக்கிற தொழிலாளிக்குப் பாதுகாப்பு அங்கி கொடுங்கள் என்று தோட்ட நிர்வாகத்திடம் கேட்கிற நாம், நம்முடைய பைக்குக்கு எண்ணெய் அடிக்கிறவனுக்கு என்ன கொடுத்தோம்?

சரி, வேறு வழி என்ன என்று கேட்பார்கள். வழி பழையதுதான், கொஞ்சம் பொறுமை கேட்கும். வண்டியை ஆற விடுங்கள், கை வைத்தால் சுடக்கூடாது. புகைக்குழாயின் வாயிலும் காற்று போகிற வாயிலும் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டுங்கள். தண்ணீர் தொடுவதற்கு முன்னால் காய்ந்த களியை மூங்கில் சீவலால் சுரண்டி எடுங்கள். இரும்புத் தகடு வேண்டாம், அலுமினியத்தில் கீறல் விழும், கீறலில் அழுக்கு இன்னும் நன்றாகப் பிடிக்கும். பாதி அழுக்கு இப்படியே, ஒரு சொட்டு எண்ணெயும் இல்லாமல் வந்துவிடும், அதை அள்ளிக் குப்பையில் போடலாம், ஆற்றுக்குப் போகாது. களி பிடித்த இடத்தில் மட்டும் பிரஷ்ஷில் மண்ணெண்ணெய் தொட்டுத் தடவி, கொஞ்ச நேரம் ஊற விட்டு, பழந்துணியால் வழித்தெடுங்கள். அப்புறம் பாத்திரம் கழுவுகிற திரவத்தை வாளித் தண்ணீரில் கலந்து பிரஷ்ஷால் தேய்த்து, ஜக்கால் ஊற்றிக் கழுவுங்கள். விசிறிகளுக்கு இடையே பிரஷ் போகாது. ஒரு சேலைக் கிழிசலை நீளமாகக் கிழித்து, சோப்பில் நனைத்து, இடையில் நுழைத்து இரண்டு பக்கமும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் உள்ளே இருப்பது கோடு கோடாக வெளியே வரும். அந்த வேலைக்கு இதைவிடச் சிறந்த கருவியை நான் எங்கும் காணவில்லை.

வெள்ளையாக வர வேண்டும் என்று கழிவறை கழுவுகிற அமிலத்தை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். அமிலமும் அலுமினியத்தை அரிக்கும், கடுமையான காரமும் அரிக்கும். அன்றைக்கு வெளுத்துத் தெரிந்தது அடுத்த மழைக்காலத்தில் பொருமிப் பொடியாக உதிரும். கழுவி முடித்ததும் துடைத்து, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு, அதன் சூட்டிலேயே ஈரத்தைக் காயவிடுங்கள். செயினுக்கு மட்டும், அதுவும் துடைத்து எடுக்கிற அளவுக்கு, எண்ணெய் போடுங்கள். வேறெங்கும் எதையும் பூச வேண்டாம். இதற்கு ஒரு மணி நேரம் போதும். பழைய களியை ஒரு தடவை முழுதாக எடுத்துவிட்டால், அடுத்த தடவைக்கு அதில் பாதி நேரம்கூட ஆகாது. ஏனென்றால் ஒட்டுவதற்கு அங்கே எண்ணெய் இல்லை.

நேரமில்லாதவர்கள், கழுவ இடமில்லாதவர்கள் சேர்விஸ் ஸ்டேசனுக்குத்தான் போக வேண்டும், அதில் தப்பில்லை. லயத்தில் வாளித் தண்ணீருக்கே சண்டை நடக்கிற இடங்கள் எனக்குத் தெரியும். டீசல் வேண்டாம் என்றால் கடைக்காரரின் பிழைப்பு போய்விடாதா என்று ஒரு நண்பர் கேட்டார். போகாது. கடைக்காரர் விற்பது உழைப்பைத்தான், டீசலை அல்ல. பிரஷ் போட்டுத் தேய்க்கிற கூலிக்கு இன்று கொடுக்கிற காசையே கொடுக்கலாம், கூடுதலாகவும் கொடுக்கலாம். டீசல் வாங்குகிற செலவும் அவருக்கு மிச்சம். நகரசபை செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பைக் கழுவுகிற ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் கானுக்குள் விழுவதற்கு முன்னால் எண்ணெயைத் தடுத்து நிறுத்துகிற தொட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். எண்ணெய் தண்ணீரில் மிதக்கும் என்ற ஒரே உண்மையை வைத்து இயங்குகிற, இரண்டு தடுப்புச் சுவர் கொண்ட சாதாரணத் தொட்டி. பெரிய செலவில்லை. அதை நகரசபை கேட்கும் வரை, வாடிக்கையாளர் கேட்கக்கூடியது இருக்கிறது. வண்டியை நிறுத்தியவுடன் சொல்லிவிடுங்கள்: ஆறும் வரைக்கும் நான் இருக்கிறேன், எஞ்சினுக்குப் பிரஷர் வேண்டாம், டீசல் வேண்டாம், பிரஷ்ஷும் சோப்பும் போடுங்கள், காசைக் குறைக்க வேண்டாம்.